துணியைத் தொட்டுப் பார்த்தீர்களா?

சுங்கை சிப்புட்டில் பதினைந்து வருடம் தையல் கடை, அதன் ஒரு மூலையில் இப்போது ஹீட் பிரஸ், அதாவது சூட்டில் அழுத்திச் சட்டையில் எழுத்தும் படமும் ஒட்டும் மெஷின். என்னிடம் வழக்கமாக ரவிக்கை அளவைத்தான் கேட்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி டீசட்டை அடிப்பது பற்றி. திருவிழாக் காலம் வருகிறதல்லவா.

*அக்கா, எங்கள் காற்பந்துக் குழுவின் 18 சிவப்பு ஜெர்சிகளில் வெள்ளை வினைலில் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) எண் வெட்டி ஒட்டினேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. நாலு நாளில் எல்லா எண்ணும் ரோஸ் ஆகிவிட்டது. போலி வினைலை விற்றுவிட்டார்களா?*
- வாசகர், பகாவ்

வினைல் மேல் பழி போடாதீர்கள், தம்பி. அது உங்கள் ஜெர்சியின் சாயம். பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றுவதே சூட்டில்தான். மறுபடி சூடு பட்டால் அந்தச் சாயம் ஆவியாகிக் கிளம்பி, மேலே இருக்கும் வெள்ளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். உடனே தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். சிவப்பும் மெரூனும் இதில் படு மோசம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. தோட்டத்துப் பையன்களுக்கு மெரூன் ஜெர்சி. வெள்ளிக்கிழமை ராத்திரி 160 டிகிரியில் 15 விநாடி அழுத்திக் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கோல்காவலர் சட்டையில் 1 என்ற எண் இட்லிக்குப் பீட்ரூட் சட்னி தொட்ட மாதிரி இருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையன் இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிப்பான்.

இப்போது நான் செய்வது: பாலியெஸ்டர் என்றால் குறைந்த சூட்டில், 130 டிகிரி போல, ஒட்டும் வினைல்தான். அதிலும் அடிப்பக்கம் சாயத்தைத் தடுக்கும் படலம் உள்ளதாகக் கேட்டு வாங்குகிறேன். விலை கூடத்தான். ஒரு சட்டையில் மட்டும் ஒட்டி ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே மீதிக்குப் போவேன். அவசரம் என்று வருகிறவர்களுக்கு வெள்ளை எண் கிடையாது, கறுப்புதான். உங்கள் 18 ஜெர்சிக்கு வேறு வழி தோன்றவில்லை. ரோஸ் எண்ணின் மேலேயே கறுப்பு வினைலை ஒட்டி மறைத்துப் பாருங்கள், அதுவும் குறைந்த சூட்டில்.

*கோயில் தொண்டர்களுக்கு 60 மஞ்சள் காட்டன் டீசட்டை அடித்தோம். ஓரங்களில் எழுத்து எழும்பி வருகிறது. சூட்டை 180 வரை கூட்டியும் பார்த்துவிட்டேன். புது மெஷின் வாங்கவா, அக்கா?*
- வாசகி, சுங்கைப்பட்டாணி

வாங்காதீர்கள். முதலில் சூட்டைக் குறையுங்கள். பெரும்பாலான வினைலுக்கு 150, 160 போதும். அதற்கு மேல் போனால் பசையே கெட்டுவிடும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடியிலேயே தண்ணீர் விடும். பருத்தித் துணி தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் தன் எடையில் 8 விழுக்காடு போல ஈரம் வைத்திருக்கும். மழைக் காலத்தில் இன்னும் கூட. அந்த ஈரம் ஆவியாகிப் பசைக்கும் துணிக்கும் நடுவில் புகுந்தால் எப்படி ஒட்டும்? வெறும் சட்டையை முதலில் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். புகை மாதிரி மேலே வரும், பயப்பட வேண்டாம், ஆவிதான். அது போன பிறகு எழுத்தை வையுங்கள்.

அப்புறம் அழுத்தம். மெஷினை அணைத்து ஆறவிட்டு, நாலு மூலையிலும் ஒவ்வொரு துண்டுக் காகிதம் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்த மூலையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே அழுத்தம் இல்லை. கழுத்துப் பட்டையும் தோள் தையலும் தகட்டுக்கு அடியில் மாட்டினாலும் இதே கதைதான். தடிப்பு அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், பக்கத்தில் உள்ள எழுத்துக்கு ஒன்றும் கிடைக்காது. தையலை மேசைக்கு வெளியே தள்ளுங்கள், முடியாவிட்டால் சட்டைக்குள் தடித்த ஸ்பஞ்சு ஒன்றை நுழையுங்கள்.

எழுத்து எழும்பிய சட்டைகள் மேல் டெஃப்லான் தாள் (சூடு தாங்கும், பசை ஒட்டாத தாள்) போட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள், பாதியாவது தேறும். தொண்டர்களிடம் ஒரு நாள் கழித்துத் துவைக்கச் சொல்லுங்கள், உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில். வெளுக்கும் குளோராக்ஸ் வேண்டவே வேண்டாம். (என் அம்மா இதைக் கேட்க மாட்டார். அவருக்குச் சட்டை என்றால் குளோராக்ஸ்.)

*படத்தைச் சூட்டில் துணிக்கு மாற்றும் சப்ளிமேஷன் தாளில் அடித்து என் மகள் பிறந்தநாளுக்குச் சட்டை செய்தேன். முதல் சலவையிலேயே படம் பேய் மாதிரி மங்கிவிட்டது. முழுப் பருத்தி, நல்ல துணிதான்.*
- வாசகி, தெலுக் இந்தான்

நல்ல துணி என்பதுதான் சிக்கல், தங்கச்சி. சப்ளிமேஷன் மை சுமார் 200 டிகிரியில் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பருத்தியில் அதற்கு இடமே இல்லை, சும்மா மேலே உட்கார்ந்திருந்து தண்ணீரோடு போய்விடும். அந்த மையில் வெள்ளை நிறமும் கிடையாது, அதனால் வெள்ளை அல்லது வெளிர் நிறப் பாலியெஸ்டர்தான் அதற்கு.

லேபிளை நம்பாதீர்கள். உள் மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பல் பொடிந்தால் பருத்தி. உருகிச் சுருங்கிக் கடுகு மாதிரி கறுப்பு உருண்டை விட்டால் பாலியெஸ்டர். கையால் தொட்டுவிடாதீர்கள், கொப்பளித்துவிடும். உருண்டையும் சாம்பலும் சேர்ந்தே வந்தால் கலப்புத் துணி, அதில் சப்ளிமேஷன் பழைய சட்டை மாதிரி மங்கலாகத்தான் விழும்.

*நாங்கள் பிறந்த தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம். பழைய குடும்பங்கள் ஒன்றுகூடுகிறோம். தோட்டத்துக் கோயில் படத்தை 40 கறுப்புப் பருத்திச் சட்டைகளில் போட ஆசை. என்னால் வெட்டி ஒட்ட முடியுமா?*
- வாசகர், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரர், நேரில் வந்தே கேட்டிருக்கலாம்! வினைலில் கோபுரத்தை வெட்ட முடியாது, ஐயா. வேண்டாததைக் கொக்கியால் பிடுங்கும் வேலைக்குக் கடையில் களை எடுப்பது என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு பொம்மையையும் சுற்றிக் களை எடுத்தால் ஒன்றுகூடல் முடிந்துவிடும்.

உங்களுக்கு டிடிஎஃப், அதாவது படலத்தில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை. படலத்தில் வண்ணப் படம், அதற்குப் பின்னால் வெள்ளை மை, அதன் மேல் பசைத் தூள். வெள்ளை அடி இருப்பதால் கறுப்புத் துணியிலும் நிறம் எடுக்கும். மீட்டர் கணக்கில் அடித்துத் தரும் கடைகளில் வாங்கி, 150 டிகிரியில் 15 விநாடி அழுத்தி, படலத்தை உரித்த பிறகு தாள் போட்டு இன்னொரு முறை லேசாக அழுத்துங்கள். சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகையும் இருக்கிறது, மாற்றி உரித்தால் கோபுரத்தில் பாதி படலத்தோடு வந்துவிடும்.

அந்தக் கோயில் படம் யாரிடம் இருக்கிறதோ, அவரை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப விடாதீர்கள், சுருக்கிவிடும். ஃபோட்டோவைக் கடையில் ஸ்கேன் செய்து டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அட்டையோடு ஒட்டிப்போன பழைய ஆல்பம் என்றால் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தையே என் கடைக்குக் கொண்டு வாருங்கள்.