புற்றுநோய் செல்லின் மேலுள்ள சர்க்கரை மாறினால் நோய் எப்படிப் பரவுகிறது?

முதலில் ஒன்று: இது டீயில் போடும் சர்க்கரையைப் பற்றிய பேச்சு இல்லை. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும், புரதத்திலோ கொழுப்பிலோ ஒட்டிக்கொண்டு சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தை ஏ, பி என்று வகை பிரிப்பதுகூட அப்படி ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணியை வைத்துத்தான்.

நான் இதைத் தேடிப் படித்தது பெரியப்பாவின் ரிப்போர்ட்டால். கணையத்தில் கட்டி. ரத்தப் பரிசோதனையில் 'சிஏ 19-9' என்ற வரியில் எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 37க்குள் இருக்க வேண்டுமாம். ஏதோ கட்டியின் கழிவு ரத்தத்தில் கலக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் அதுவே ஒரு சர்க்கரைச் சங்கிலி. சியாலைல் லூயிஸ் ஏ என்று பெயர்.

உடம்பில் ஓரிடத்தில் அழற்சி வந்தால், அங்கே ரத்த நாளத்தின் உட்சுவரில் ஈ-செலக்டின் என்ற புரதம் தலைகாட்டும். ஓடுகிற ரத்தத்தில் வரும் வெள்ளையணு, தன் மேலுள்ள இதே குடும்பத்துச் சர்க்கரையால் அதைத் தொட்டுத் தொட்டு உருண்டு, வேகம் குறைந்து, சுவரைத் தாண்டி வெளியே போகும். கட்டியிலிருந்து கழன்று வந்த செல்லிடமும் அந்தச் சர்க்கரை இருந்தால்? அதே சுவரைப் பிடித்து அதுவும் இறங்கிக்கொள்ளும்.

இதற்காக அந்தச் செல் புது வித்தை எதுவும் கற்பதில்லை என்பதுதான் என்னை அசரவைத்தது. இந்தச் சங்கிலியில் சியாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரைக் கண்ணி உண்டு; நல்ல குடல் செல் அதில் இன்னொன்றையும் கோத்து முடிக்கும். புற்றுநோயில் அந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதி குறைந்துவிடுகிறது. அரைகுறையாக நின்ற சங்கிலிதான் செலக்டினில் ஒட்டுகிறது.

அப்புறம், பல புற்றுநோய்களில் மொத்தத்தில் சியாலிக் அமிலம் கூடும். நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள சிக்லெக் ஏற்பிகள் அதைத் தொட்டதும் 'நம்மாள்தான்' என்று அடங்கிவிடும். 2022ல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான கரோலின் பெர்டோசியின் குழு, சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியை மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தோடு இணைத்து, அந்தப் போர்வையை உரித்துக் காட்டியது.

எலிகளிடம் சிஏ 19-9 இயல்பாகவே கிடையாது. 2019ல் வெளியான ஆய்வில் அதை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். கணைய அழற்சி வந்தது. புற்றுநோய் மரபணு மாற்றமும் சேர்ந்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது. அடையாளம் என்று அளந்துகொண்டிருந்தது கூட்டாளியாகவும் இருந்திருக்கிறது.

சரி, ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர்களுக்கு: சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சங்கிலியைக் கட்டும் நொதி இருக்காது. அவர்களுக்குக் கணையப் புற்று முற்றினாலும் எண் ஏறாமல் இருக்கலாம். மாறாக, பித்தநீர் அடைத்துக்கொண்டாலே புற்று இல்லாதவருக்கும் ஏறும். பெரியப்பாவுக்குப் பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததும் எண் பாதிக்கும் கீழே வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்கேனில் கட்டி அதே அளவில்தான் இருந்தது.