சியோல் ஓடை மீட்பு: நில விலை ஏறியதை மக்கள் பயன் என்று எழுதலாமா?

தென் கொரியத் தலைநகர் சியோலின் ஓடை மீட்பைப் பற்றிய உங்கள் ஆய்வின் பயன் அட்டவணையில், நில விலை ஏறியதை மக்கள் பயனாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியே எழுத வேண்டாம். உங்கள் ஆய்வு வழிகாட்டி அதைத் திருப்பி அனுப்பியது சரிதான். விலை ஏறினால் மனைக்காரருக்கு லாபம், வாடகைக் கடைக்காரருக்குச் செலவு. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

2003–05இல் மேம்பாலச் சாலையை இடித்து, அதனடியில் மூடிக் கிடந்த சோங்கேசோன் ஓடையைச் சுமார் 5.8 கி.மீ. திறந்துவிட்டார்கள். அப்போது கரையோரம் கருவிக் கடைகள், சிறு பட்டறைகள், நடைபாதை வியாபாரிகள் ஏராளம். இடம்பெயர வேண்டிய கடைக்காரர்களுக்காக நகரின் தென்கிழக்கில் கார்டன் ஃபைவ் என்ற வணிக வளாகம் எழுந்தது. பலர் அங்கே போகவே இல்லை. போனவர்களும் வியாபாரம் இல்லாமல் தவித்தார்கள். இவர்கள் உங்கள் அட்டவணையில் இருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த அட்டவணை பாதிதான்.

ஒவ்வொரு பலனுக்கும் எதிரே உரிமையாளர், வாடகைதாரர், நடைபாதை வியாபாரி, பொதுமக்கள் என்று பிரித்துப் போட்டுப் பாருங்கள். கோடையில் கரையோரம் வெப்பம் குறைவது போன்றவை மட்டுமே எல்லோருக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை: 2004 ஜூலையில் சியோல் தன் பேருந்து முறையையே மாற்றியமைத்தது. பயணிகள் கூடியதை ஓடையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்புறம், ஓடையில் ஓடும் நீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்து விடுவது; அந்த மின்செலவையும் சேருங்கள்.