கத்திரி வெயிலும் கலர் மீன் தொட்டியும்: வாங்குமுன் சில கேள்விகள்

கேள்வி: இரண்டடி தொட்டியில் கப்பி, மாலி, இரண்டு ஏஞ்சல் வளர்க்கிறேன். மதியத்தில் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகிறது. கடையில் சில்லர்தான் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஒரே வழி என்கிறார்கள். வாங்கிவிடலாமா? (பெரம்பூர், சென்னை)

வேண்டாம். இந்த மூன்று மீனுக்கும் சில்லர் தேவையே இல்லை. முதலில் செலவில்லாத ஒரு சோதனை: தொட்டி மூடியை எடுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று ஓடும்படி பக்கவாட்டில் வையுங்கள். மதியம் 12 மணிக்கும் 3 மணிக்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஃபேன் எவ்வளவு இறக்கும் என்பதற்கு அதைவிட நம்பகமான விடை எந்தக் கடையிலும் கிடைக்காது.

குளிர்விப்பது காற்றல்ல, ஆவியாதல். 60 × 30 × 30 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர் தேறும். அதில் 80 மில்லி ஆவியானாலே ஒரு டிகிரி இறங்கிவிட வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால் அறையின் சூடு அதே நேரத்தில் கண்ணாடி வழியே உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இன்னும் நிறைய ஆவியாக வேண்டியிருக்கும்.

ஊருக்கு ஊர் பலன் மாறுவதற்குக் காரணம் ஈரப்பதம். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியாதல் மூலம் 29 டிகிரிக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. தொட்டி 30க்குப் பக்கத்தில் நின்றுவிடும். வேலூரில் 40 டிகிரி அடித்தாலும் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அந்த எல்லை 24 டிகிரிதான். வெயில் அதிகமான ஊரில் ஃபேன் நன்றாக வேலை செய்வது இதனால்தான். கப்பி, மாலி, ஏஞ்சலுக்கு 30 டிகிரி பெரிய தொல்லையில்லை, ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓடினால் போதும்.

சோதனையில் இரண்டு டிகிரியாவது இறங்கினால் 12 வோல்ட் கிளிப் ஃபேன் வாங்குங்கள். அடாப்டர் தனியாகக் கழற்ற வருவதா என்று பாருங்கள், முதலில் போவது அதுதான். ஈரத்தில் சாதாரண புஷ் வைத்த ஃபேன் சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும். பால் பேரிங் வைத்தது கூடுதல் காலம் உழைக்கும். மூடியைத் திறந்து வைத்தால் மாலி வெளியே குதிக்கும், கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.

இரவெல்லாம் ஃபேன் ஓடித் தண்ணீர் தேவைக்கு மேல் குளிராமலிருக்க எஸ்டிசி-1000 வகை வெப்பநிலைக் கன்ட்ரோலர் ஒன்று போதும். அதில் எஃப்1 முதல் எஃப்4 வரை நான்கு அமைப்புகள் உண்டு. எஃப்1-இல் 29, எஃப்2-இல் 0.5 வையுங்கள்: 29.5-க்கு ஃபேன் ஓடத் தொடங்கும், 29-க்கு நிற்கும். எஃப்3 கம்ப்ரசருக்கான தாமதம்; ஃபேனுக்கு 1 நிமிடம் போதும். எஃப்4 கருவி காட்டும் வெப்பநிலையைத் திருத்த. இந்தக் கருவியின் பின்புறத்தில் மின் இணைப்புத் திருகுகள் திறந்தபடி இருக்கும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்தாமல், அதுவும் தண்ணீர் பக்கத்தில், பயன்படுத்தவே கூடாது. எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏறட்டும். ஒயர் வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் மீன் தொட்டிக்கு முன் அதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: ஃபேன் வைத்ததில் வெப்பம் குறைந்தது. ஆனால் மூன்று நாளுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் குறைகிறது. போர் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன். கண்ணாடியில் வெள்ளைப் படிவு, மீன்களும் சோர்வாக இருக்கின்றன. (வேலூர்)

ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஓர் அங்குலம் என்பது இரண்டடி தொட்டியில் ஏறக்குறைய நாலரை லிட்டர், அதாவது நாளுக்கு ஒன்றரை லிட்டர். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 600 என்று வைத்தால், 30 நாளில் 27 கிராம் உப்பு சேரும். தண்ணீர் மாற்றாமலே இருந்தால் மாதக் கடைசியில் 1,200 காட்டும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்கு மட்டும் வழக்கமான தண்ணீர். இப்போதே ஏறிவிட்டதை ஒரே நாளில் இறக்காதீர்கள், நாளுக்குப் பத்து சதவீதமாக மாற்றுங்கள்.

மாடித் தொட்டியில் மதியம் வரும் தண்ணீர் கையைச் சுடும். காலை 6 மணிக்கே வாளியில் பிடித்து வையுங்கள்.

கேள்வி: ஐஸ் கட்டி போடலாமா? மின்சாரம் போனால் என்ன செய்வது? (மதுரை)

நேரடியாக வேண்டாம். ஒரு கிலோ ஐஸ் 45 லிட்டரை இரண்டரை டிகிரி வரை சட்டென்று இறக்கும். அந்த வேகம்தான் மீனைக் கொல்லும். குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் குளோரினும் கூடவே வரும். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து, மூடியபடி மிதக்க விடுங்கள். ஒரு டிகிரி இறங்கும். இது அவசரத்துக்கு மட்டும். தினமும் செய்தால் தண்ணீரின் சூடு ஏறி ஏறி இறங்கும், அது நிலையான 31 டிகிரியைவிடக் கெடுதல்.

மின்வெட்டில் முதல் ஆபத்து சூடல்ல, மூச்சு. 25 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 32-இல் 7.3 தான். சூட்டில் மீனுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் தேவையோ கூடுகிறது. யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க்கும் தயாராக இருக்கட்டும். தீனியைப் பாதியாக்குங்கள்: பிஎச் 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷப் பகுதி 25 டிகிரியில் 5 சதவீதம் என்றால், 30-இல் 7.5 சதவீதம்.

கேள்வி: "100 லிட்டரை 10 டிகிரி குளிர்விக்கும்" என்ற மினி சில்லரை ஆன்லைனில் வாங்கினேன். அரை டிகிரிகூட இறங்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? (கோயம்புத்தூர்)

முடியும். விலை குறைந்த மினி சில்லர்கள் பெரும்பாலும் பெல்டியர் தகடு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் தகடு) வைத்தவை. 60, 70 வாட் மின்சாரம் எடுத்து அதில் பாதி அளவு வெப்பத்தை வெளியேற்றினாலே பெரிது. 30 வாட் என்று வைத்தால் 100 லிட்டரை ஒரு டிகிரி இறக்க நாலு மணி நேரம். அதற்குள் அறைச் சூடு திரும்பிவிடும். 15 லிட்டர் தொட்டிக்கு வேண்டுமானால் உதவும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடலாம். பில், தெர்மாமீட்டர் தெரியும்படி சில மணி நேர இடைவெளியில் எடுத்த வீடியோக்கள் ஆகியவற்றுடன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கம்ப்ரசர் சில்லர் நியாயமான செலவாவது கடல் பவளம், கிரிஸ்டல் இறால், ஆக்ஸலாட்ல் (குளிர்ந்த நீரில் வாழும் சாலமாண்டர் வகை) வளர்ப்பவர்களுக்குத்தான். அதையும் மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் கக்கிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு ஓடும்.

கேள்வி: வெயில் காலத்தில் ஹீட்டரை எடுத்துவிட வேண்டுமா? (திருச்சி)

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் மே மாதத்திலும் சுடவைத்துக்கொண்டே இருக்கும்.