இரண்டு கோல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபையின் தொடக்ககாலப் பிரசுரங்கள் சிலவற்றை வாசித்தேன். ‘மோர்மன் நூல்’ என்ற தங்கள் புது வேதத்துக்கு பைபிளிலிருந்தே சாட்சி காட்டுகிறார்கள். எசேக்கியேல் 37-இல் தீர்க்கதரிசி ஒன்றாகச் சேர்க்கும் இரண்டு கோல்களில், யோசேப்பின் கோல்தான் மோர்மன் நூலாம்! ஞாயிறு பள்ளியிலேயே அந்த அதிகாரத்தைப் படித்தவன் நான், சிரித்துவிட்டேன். சிதறிய இஸ்ரவேல் அமெரிக்காவில் வந்து கூடும் என்பது அதைவிட வேடிக்கை. வெறும் மோசடிதானே இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோல் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பிரிந்து கிடக்கும் இரு ராஜ்யங்கள் ஒரே ராஜாவின் கீழ் ஒன்றாகும் என்று அந்த அதிகாரமே பொருள் சொல்லிவிடுகிறது. புத்தகத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ‘மோசடி’ என்று சொல்லி மூடி வைத்தால் இந்த எழுத்தின் சுவாரசியமே போய்விடும். தொடக்ககால மோர்மன் போதகர் பார்லி பிராட் 1837-இல் நியூயார்க்கில் அச்சிட்ட ‘எச்சரிக்கும் குரல்’ நூலை எடுங்கள். அது சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் தரிசனங்களில் தொடங்கவில்லை. ஏற்கெனவே நிறைவேறிய தீர்க்கதரிசனங்களில் தொடங்குகிறது. அவை எழுத்துக்கு எழுத்து நடந்தன என்று நீங்கள் நம்பினால், இனி நடக்க வேண்டியதை மட்டும் ஏன் உருவகம் என்கிறீர்கள்? இதுதான் பிராட்டின் பிடி. ‘இஸ்ரவேல் என்றால் திருச்சபை, சீயோன் என்றால் பரலோகம்’ என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தவர்களை அவர்களுடைய பைபிளை வைத்தே மடக்குகிறார். பதில் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது.

அமெரிக்கப் பழங்குடிகள் இஸ்ரவேலரே என்று மோர்மன் நூல் சொல்வதும் மோர்மன்கள் புதிதாகக் கிளப்பியதல்ல. 1650-இலேயே ஆம்ஸ்டர்டாம் ரபி மெனாசே பென் இஸ்ரவேல் அதைப்பற்றி நூல் எழுதினார். 1825-இல் மொர்தெகாய் நோவா என்ற யூதர், பஃபலோ நகருக்கு அருகே கிராண்ட் தீவில் ‘அரராத்’ என்று யூதர்களுக்கு ஒரு புகலிடம் அறிவித்தார். பழங்குடிகளையும் இஸ்ரவேலின் காணாமல்போன கோத்திரத்தார் என்றே அழைத்தார். ஊர் எழும்பவில்லை. ஐந்தாண்டு கழித்து, அதே நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில், மோர்மன் நூல் 5000 பிரதி அச்சாகிறது. காற்றில் இருந்த பேச்சு வேதமாயிற்று என்பேன். (விசுவாசிகள் இதை ஒப்ப மாட்டார்கள், தெரியும்.)

எனக்கு உறுத்துவது வேறு இடம். 1830-31 குளிர்காலத்தில் பிராட்டும் ஆலிவர் கௌடரி என்ற இன்னொரு மோர்மனும் வேறு சிலரும் மிசூரி எல்லைக்கு அப்பால் டெலவேர் பழங்குடி மக்களிடம் போனார்கள், பெரும்பாலும் கால்நடையாக. ‘இது உங்கள் முன்னோரின் சரித்திரம்’ என்று நூலை நீட்டினார்கள். அரசு ஏஜெண்ட் அனுமதியில்லை என்று விரட்டிவிட்டார். பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகள் என்றே பேசிய காலத்தில் ‘நீங்கள் யோசேப்பின் சந்ததி’ என்று சொல்லப்போனது சின்ன விஷயமல்ல. அந்த மக்களுக்கும் தங்கள் பிறப்பைப்பற்றிச் சொந்தக் கதைகள் உண்டு என்பது மட்டும் போனவர்களுக்கு உறைக்கவில்லை.

அதே பிராட்தான் 1837 நூலில், கிழக்கே வாழ்ந்த பழங்குடிகளை அமெரிக்க அரசு மிசிசிப்பிக்கு மேற்கே தள்ளுவதைத் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றமாகப் படிக்கிறார். 1830-இன் வெளியேற்றச் சட்டம் அவர் கண்ணுக்கு இஸ்ரவேலைக் கூட்டிச்சேர்க்கும் கையாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு செரோக்கி மக்களை ராணுவம் ஓட்டிச் சென்றது. வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வசனத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய மனிதர், கண்ணெதிரே நடந்ததை உருவகமாக்கிவிட்டார். இதோடு ஒப்பிட்டால் நீங்கள் சிரித்த கோல் எனக்கு ஒன்றுமேயில்லை.

ஆர்சன் ஹைட் என்ற மோர்மன் தலைவர் 1841 அக்டோபர் 24 அன்று ஒலிவ மலையேறி, யூதர்கள் எருசலேமுக்குத் திரும்ப வேண்டுமென்று ஜெபித்ததையும், அடுத்த ஆண்டு அதைச் சிறுநூலாக வெளியிட்டதையும் தேடிப் படியுங்கள். ஆக, கூடும் இடம் அமெரிக்கா மட்டுமல்ல; எருசலேமும் அவர்கள் கணக்கில் இருந்தது.

துரத்தப்படுவது மோர்மன்களுக்கும் நேர்ந்தது. 1838 அக்டோபரில், அவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டுத் துரத்த வேண்டும் என்று மிசூரி ஆளுநர் பாக்ஸ் உத்தரவிட்டார். பிராட்டும் பிடிபட்டார். அடுத்த ஜூலை 4 அன்று, ஊரே சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிறையிலிருந்து தப்பி ஓடினார்.