கரு தத்தெடுப்புக்காக ஓய்வுக்கால நிதியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது, கணவருக்கு 38. திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று முறை ஐவிஎஃப் செய்தோம், மூன்றும் கைகூடவில்லை. கடைசி முறை பாசிட்டிவ் வந்து, ஏழாவது வாரம் ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்றுவிட்டார்கள். இப்போது டாக்டர், சிகிச்சை முடிந்த வேறொரு தம்பதி கொடுக்க முன்வந்திருக்கும் நான்கு உறைநிலைக் கருக்களைத் தத்தெடுக்கலாம் என்கிறார். ஒரு முறைக்கு 40 சதவீத வாய்ப்பாம். எங்கள் சேமிப்பு 18 மாதக் குடும்பச் செலவுக்குச் சமம். பொருத்தம் பார்ப்பது, பரிசோதனை, வக்கீல், கருவைக் கொண்டு வருவது எல்லாம் சேர்த்து 4 மாதச் செலவு அளவுக்கு ஆகும், அப்புறம் ஒவ்வொரு முறை கரு வைக்கவும் 2 மாதச் செலவு. ஓய்வுக்கால நிதியிலிருந்து 12 மாதச் செலவுக்கான தொகையை எடுத்து நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். இன்னொரு விஷயம், போன முறை ஊசிகளுக்காக கிரெடிட் கார்டில் போட்டது 3 மாதச் செலவு அளவுக்குக் கடனாக நிற்கிறது, மாதம் 3 சதவீத வட்டி. அது அவருக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்: கடைசியில் எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், கட்டாமல் விட்டால் ஒரு வருடத்தில் 42 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அந்த அளவுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் சேமிப்பு எதுவும் கிடையாது, அதனால் முதல் வேலை சேமிப்பிலிருந்து எடுத்து அதை ஒரே அடியாக அடைப்பது. ஆனால் வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உங்கள் கணவர் 18 இருக்கிறது என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார், உண்மையில் இருப்பது 15. தப்பான எண்ணை வைத்து இவ்வளவு பெரிய முடிவை அவரை எடுக்க விடாதீர்கள். இதே மாதிரிக் கடனை என் முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னவர்கள் பல பேர். ஊசிக்காக வாங்கிய கடன் இது, இரண்டு பேரும் வேண்டிய குழந்தைக்காக. அதை நீங்கள் ஒருத்தியாகச் சுமக்க வேண்டியதில்லை.

சரி, அடுத்து கரு தத்தெடுப்பு. இதை நான்காவது ஐவிஎஃப் என்று நினைக்காதீர்கள். இதுவரை செலவழித்த பணம் போய்விட்டது, அதை இதில் எடுக்க முடியாது. இவ்வளவு போட்டாச்சு, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண் என்ற எண்ணம் வரும், எல்லோருக்கும் வருகிறது. விட்டதைப் பிடிக்கப் போகிறவர்கள்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் போகிறார்கள். புதிதாக வந்து நிற்கும் ஒரு தம்பதி மாதிரி, கையில் என்ன இருக்கிறது, இதற்கு என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் செலவின் உருவமே மாறியிருப்பது தெரியும். ஐவிஎஃப்பில் பெரிய பணம் போவது சினைமுட்டைகளை வளர்க்கும் ஊசிகளுக்கும், அவற்றை எடுப்பதற்கும், லேபில் கருவாக்குவதற்கும். இதில் அது மூன்றும் இல்லை. கருப்பையின் உட்சுவரைத் தயார் செய்ய ஹார்மோன் மருந்து, சில ஸ்கேன்கள், கருவை உறைநிலையிலிருந்து எடுத்து உள்ளே வைப்பது, பிறகு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். அதனால் முன்கூட்டிய செலவு அதிகம், ஒவ்வொரு முயற்சியின் செலவு குறைவு. இந்தக் குறைவில்தான் ஆபத்தும் இருக்கிறது, இன்னும் ஒரு தடவைதானே என்று சொல்வது சுலபமாகிவிடும்.

40 சதவீதம் என்றாரே, எதற்கு 40 என்று டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை பாசிட்டிவ் ஆவதற்கா, குழந்தை கைக்கு வருவதற்கா? ஏழாவது வாரத்தில் நீங்கள் பட்டதற்குப் பிறகு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உறைநிலையிலிருந்து எடுக்கும்போதே ஒரு கரு தாங்காமல் போகலாம், அதையும் சேர்த்துச் சொன்ன எண்ணா என்றும் கேளுங்கள். அந்தக் கருக்களை உருவாக்கியபோது சினைமுட்டை கொடுத்த பெண்ணுக்கு என்ன வயது என்பதும் முக்கியம், கருவைப் பொறுத்தவரை உங்கள் வயதைவிட அந்த வயதுக்குத்தான் எடை.

குழந்தை கைக்கு வருவதற்குத்தான் 40 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதே அளவு என்றும் எடுத்துக்கொள்வோம். 100 தம்பதிகளில் முதல் முறையில் 40 பேருக்குக் குழந்தை. மிச்சம் 60 பேரில் இரண்டாவது முறை 24 பேருக்கு, ஆக 64. மூன்றாவதில் 78, நான்காவதில் 87. நான்கு கருவையும் வைத்த பிறகும் 13 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பதிமூன்றில் நீங்கள் இருந்தால் அப்போதும் உங்கள் வீடும் வேலையும் வயதான காலத்துக்கான பணமும் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இப்போது உங்கள் எண்கள். 18-ல் கார்டுக்கு 3 போனால் 15. அதில் 6 மாதச் செலவை அவசர நிதியாகத் தனியே வையுங்கள், கர்ப்பமானால் ஓய்வில் இருக்கச் சொல்லலாம், சம்பளமில்லாத விடுப்பு எடுக்க நேரலாம், இதைத் தொடவே கூடாது. மீதி 9. ஆரம்பச் செலவு 4 போனால் 5. இரண்டு முறை கரு வைக்க 4. ஒரு மாதச் செலவு மிஞ்சுகிறது. ஆக உங்களிடம் இருப்பது இரண்டு முயற்சிக்கான பணம், ஓய்வுக்கால நிதியைத் தொடாமலே.

மூன்றாவதும் நான்காவதும்? காத்திருந்து செய்யுங்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் கருவுக்கு வயதாவதில்லை. 1994-ல் உறைய வைத்த ஒரு கரு, அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கு 2025 ஜூலையில் குழந்தையாகப் பிறந்தது. உங்கள் வயது இதில் ஒரு கணக்குதான், கர்ப்பகாலச் சிக்கல்கள் வயதோடு கூடும், அதனால் வருடக்கணக்கில் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கார்டை அடைத்த பிறகு மாதச் செலவில் கால் பங்கை மிச்சம் பிடிக்க முடிந்தால் எட்டு மாதத்தில் ஒரு முயற்சிக்கான பணம் சேர்ந்துவிடும். கருவைப் பாதுகாக்க வருடாவருடம் கட்டும் கட்டணத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓய்வுக்கால நிதியை உடைப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

அந்த நிதியை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் காக்கிறேன் என்றால், விலைவாசி போக வருடம் 4 சதவீதம் வளர்ந்தாலே, இன்றைய 12 மாதச் செலவு உங்கள் கணவரின் 60 வயதில் 28 மாதச் செலவாக நிற்கும். இரண்டு வருடத்துக்கும் மேலான சாப்பாடும் மருந்தும் அது. குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை கல்லூரியில் இருக்கும்போதோ முடித்ததுமோ நீங்கள் ஓய்வு பெறுவீர்கள், அப்போது அந்தச் சுமை அதன் தோளுக்குப் போகும். வீட்டின் மேல் கடன் வாங்குவதும் வேண்டாம்.

இன்னொரு யோசனையும் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். செலவை மிச்சம் பிடிக்க இரண்டு கருவை ஒரே முறையில் வைக்கலாமா என்று தோன்றும். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம் அதிகம், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் என்றால் மிச்சம் பிடித்தது மாதிரி பல மடங்கு போகும். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்பது அதற்கு முன்னால் நிற்கிறது. ஒவ்வொன்றாக வைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மற்றவை சுருக்கமாக. தத்தெடுப்பு என்று நாம் சொன்னாலும் பெரும்பாலான இடங்களில் சட்டம் இதைத் தானமாகத்தான் பார்க்கிறது, அதனால் குழந்தை தத்தெடுப்புக்கான சலுகைகள் கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள். வக்கீல் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள், பெற்றோர் உரிமை யாருக்கு, மிஞ்சும் கருக்களை என்ன செய்வது, அதுவரை கட்டணம் யார் கட்டுவது, எல்லாம் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் இன்சூரன்ஸில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று இந்த வாரமே பாருங்கள், இருந்தால் முதல் முயற்சியின் தேதியை அதற்கேற்ப வைக்கலாம். பாசிட்டிவ் வந்த பிறகும் கர்ப்பம் நிலைக்க உதவும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து சில வாரங்கள் தொடரும், அது அந்த 2 மாதச் செலவுக்குள் அடங்குமா என்றும் விசாரியுங்கள்.

எத்தனை முயற்சி என்பதை முதல் கருவை வைப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். நெகடிவ் வந்த அன்று சாயங்காலம் எடுக்கிற முடிவு இது இல்லை. மிஞ்சுகிறது என்றேனே ஒரு மாதச் செலவு, அதை மருந்துக்கோ பரிசோதனைக்கோ கொடுத்துவிடாதீர்கள். ஏழாவது வார ஸ்கேனுக்கு மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனீர்களா என்று எனக்குத் தெரியாது, பலரும் போகிறார்கள், விடுப்பு எடுக்கப் பணம் இல்லை என்பதால். இந்த முறை கைகூடாமல் போனால் இரண்டு வாரம் சம்பளம் இல்லாமலேனும் வீட்டில் இருக்கவும், மனநல ஆலோசகரிடம் நாலைந்து முறை போகவும் அந்தப் பணம் உங்கள் இருவருக்காக இருக்கட்டும்.