யாஷ் நகரம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ருமேனியாவின் யாஷ் நகரைப் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையை வாசித்தேன். பல்கலைக்கழகமும் தேவாலயங்களும் நாடக அரங்கும் இடம்பெற்ற அந்தக் கட்டுரையில், 1941இல் அங்கே யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அலுவல் நிமித்தம் விரைவில் அங்கே இரண்டு நாள் தங்கவிருக்கிறேன். எவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சுட்டிய விடுபடல் என் பிழைதான். அந்தப் படுகொலையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். ஆனால் யாஷில் கல்வியையும் அந்தக் கொடுமையையும் அப்படிப் பிரிக்க முடியாது. 1860இல் நிறுவப்பட்ட, நவீன ருமேனியாவின் முதல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஏ. சி. கூசாதான் யூத வெறுப்பை ஓர் அரசியல் கொள்கையாக வளர்த்தவர். அங்கே சட்டம் படித்த கொத்ரியானு, 1927இல் தன் பாசிச இயக்கத்தை அதே ஊரில் தொடங்கினார். (பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பவர் வேறொரு கூசா, 1859இல் மொல்தாவியா, வலாக்கியா என்ற இரு சிற்றரசுகளையும் ஒரே ஆட்சியின் கீழ் இணைத்தவர்.) படித்தவர்களே அந்த வெறுப்புக்குச் சொற்களைத் தந்தார்கள் என்பதை அந்நகரில் நடக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் நாளை த்ரெய் இயெரார்ஹி தேவாலயத்தில் தொடங்குங்கள். வசிலே லுப்பு என்ற மொல்தாவிய மன்னர் எழுப்பி 1639இல் நிறைவு செய்த அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர், அடியிலிருந்து கோபுரம்வரை, ஒரு சாண் இடம்கூட வெறுமையாக விடப்படாமல், பூத்தையல் போட்ட துணியைப்போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மடத்தின் அச்சகத்தில்தான் 1643இல் ஆயர் வர்லாமின் மறையுரைகள் ருமேனிய மொழியில் நூலாக வெளிவந்தன. வழிபாட்டில் ஸ்லாவோனிய மொழி கோலோச்சிய காலத்தில், மக்கள் பேசிய மொழி அச்சேறிய இடம் அது. அந்தச் சுவரின் முன் நான் ஒரு முற்பகல் முழுவதும் நின்றேன். நீங்களும் அவசரப்பட வேண்டாம். பிற்பகலில் டிராமில் கொப்போ குன்றுக்குச் சென்றால், கவிஞர் எமினெஸ்குவின் பெயரால் அறியப்படும் முதிய லிண்டன் மரத்தைப் பூங்காவில் காணலாம். 1870களில் இந்நகரில் நூலகராகப் பணியாற்றியவர் அவர்.

இரண்டாம் நாள் தேசிய நாடக அரங்குக்குச் செல்லுங்கள். 1876இல் நாடகாசிரியர் கோல்ட்ஃபாடன், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியின் முதல் தொழில்முறை நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அரங்கிலிருந்து சிறிது நடந்தால், அன்று காவல்துறைத் தலைமையகமாக இருந்த கட்டடம் வரும். 1941 ஜூன் 29 அன்று ருமேனியக் காவலர்களும் ருமேனிய, ஜெர்மானியப் படையினரும் அதன் முற்றத்தில் ஆயிரக்கணக்கான யூதர்களை அடைத்துவைத்துச் சுட்டார்கள். 2021 முதல் அது படுகொலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய யூதத் தொழுகைக்கூடத்துக்கும் போய்வாருங்கள்.

முற்றத்தில் உயிர்தப்பியவர்களைக் காற்றுப் புகாத சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். அவற்றுள் ஒரு ரயில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போது இலோயெய் என்ற சிற்றூரைச் சென்றடையப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதில் ஏற்றப்பட்ட சுமார் 1,900 பேரில் ஏறக்குறைய 1,200 பேர் வெப்பத்தாலும் தாகத்தாலும் மூச்சுத்திணறியும் இறந்தார்கள். அந்த நாட்களில் மொத்தமாகக் கொல்லப்பட்டோர் 13,000 பேருக்கும் மேல். திரும்பும்போது பஷ்கானி வழியாகச் செல்லும் ரயிலில் ஏறினால், அந்தச் சிறிய நிலையத்தை நீங்களும் கடந்துசெல்வீர்கள். சன்னலோரம் அமருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்