படகுக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு சரிவருமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினோராம் தரத்தில் கற்கும் உங்கள் மகள் சமன்பாடுகளைத் தடையின்றித் தீர்த்தாலும், படகும் நீரோட்டமும் வரும் வசனக் கணக்கைக் கண்டதும் பேனாவை வைத்துவிடுகிறார் என்றும், இதனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவை விட்டுவிடுவது நல்லதோ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களைப் பார்த்தேன். அட்சரகணிதத்தில் பிழை இல்லை. வசனத்தைச் சமன்பாடாக்கும் இடத்தில்தான் சறுக்குகிறது.

அதிலிருந்த ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிலைநீரில் மணிக்கு 10 கிலோமீற்றர் கதியில் செல்லும் படகு, ஓட்டத்திற்கு எதிராக 24 கிலோமீற்றர் சென்று அதே வழியில் திரும்பி வர மொத்தம் 5 மணித்தியாலம் எடுக்கிறது. ஓட்டத்தின் கதி என்ன? போகும்போது இழப்பது வரும்போது கிடைத்துவிடும் என்று எண்ணிய உங்கள் மகள், 48ஐ 10ஆல் வகுத்து 4.8 மணித்தியாலம் என்று எழுதி, 5 எப்படி வந்தது என்று விளங்காமல் நிறுத்தியிருக்கிறார். பிழைதான், ஆனால் யோசிக்கிற பிள்ளைக்கு வரும் பிழை. எதிரோட்டத்தில் படகு மெதுவாகப் போவதால் அங்கே கூடிய நேரம் கழிகிறது. ஓட்டம் உதவும் பகுதியோ சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனவே இழந்த நேரம் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. மிஞ்சும் 12 நிமிடத்தைக் கொண்டுதான் ஓட்டத்தின் கதியைப் பிடிக்க வேண்டும்.

தூரம், கதி, நேரம் என மூன்று நிரல்களும், போக, வர என இரண்டு நிரைகளும் கொண்ட அட்டவணையை முதலில் கீறச் சொல்லுங்கள். ஓட்டத்தின் கதி க எனின், கதிகள் 10 − க, 10 + க ஆகும். நேரங்களான 24/(10 − க), 24/(10 + க) இரண்டையும் கூட்டி 5க்குச் சமப்படுத்தினால் 480 = 5(100 − க²) என்றும், அதிலிருந்து க² = 4 என்றும் வரும். விடை மணிக்கு 2 கிலோமீற்றர். சரிபார்த்தால் போக 3 மணித்தியாலம், வர 2.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று காட்ட ஒன்றுமில்லை. தொண்டைமானாறும் பெயரளவில்தான் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. ஆற்றோட்டத்தைக் கண்டறியாத பிள்ளைக்கு, தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் நாளில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிள் மிதித்துவிட்டுத் திரும்பிய அனுபவத்தை நினைவூட்டுங்கள். காற்றின் கதியை அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது என்பதால் உவமை முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் போன நேரமும் வந்த நேரமும் ஏன் ஒன்றல்ல என்பது உடனே விளங்கும்.

உயர்தர இணைந்த கணிதத்தில் இதே படகு ஆற்றைக் குறுக்கே கடக்கும். அங்கே கூட்டல் கழித்தல் போதாது, சார்பு வேகத்தைக் காவிகளாக, அதாவது பருமனும் திசையும் சேர்ந்த கணியங்களாக, கையாள வேண்டும். ஆகையால் இந்தத் தடுமாற்றத்தை இப்போதே தீர்ப்பது நல்லது. அதற்காக இன்னொரு ரியூசன் வகுப்பில் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு கிழமைக்கு, நாளுக்கு ஒரு வசனக் கணக்கை எடுத்து, அட்டவணையையும் சமன்பாட்டையும் மட்டும் எழுதட்டும். தீர்க்க வேண்டியதில்லை, அது அவருக்குத் தெரியும். பின்னர் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். கணிதப் பிரிவில் வழமையாகச் சேர்ந்து வரும் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்க அவருக்கு விருப்பமா என்பதை, நீங்கள் பக்கத்தில் இல்லாத வேளையில், அவரிடமே கேட்க விரும்புகிறேன்.